டிரம் நிறையட்டும்

எங்கள் தெருவில் தண்ணீர் முதல் வீட்டில் நுழைந்து கடைசி வீட்டுக்கு வந்து சேர வேண்டும். மரியாதையும் அதே வரிசையில்தான் வந்துகொண்டிருந்தது. முதல் வீட்டில் இருந்தவர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே இரண்டுக்கும் குறைவில்லை. கடைசி வீட்டில் இருந்தவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். அங்கே வந்து சேர்வதற்குள் இரண்டும் தீர்ந்துபோயிருக்கும்.

அந்தக் கடைசி வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. டிப்போவில் பஸ் கழுவுவதற்கென்று ஒரு கொட்டகை உண்டு. தடித்த ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் பஸ்ஸின் முதுகு, வயிறு, சக்கரம் எல்லாம் பீய்ச்சி அடிப்பார்கள். தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி வடிகாலில் விழும். ஒவ்வொரு பஸ்ஸும் தினம் குளித்தது. கீழ்வீட்டில் படுத்திருந்த பெரியவர் ஒருநாள் கூட முழுசாகக் குளிக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் டிப்போவிலேயே குளித்துவிட்டு, வரும்போது வண்டியின் இரண்டு பக்கமும் கேனைக் கட்டி நிரப்பிக்கொண்டு வருவேன். காவலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி பீடியைப் பற்ற வைத்துக்கொள்வார்.

பெரியவர் என்றால் குழாய்க்காரரின் அப்பா. வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். லாரி அவரை ஒன்றும் செய்யவில்லை. வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. அன்றிலிருந்து படுக்கைதான். முதுகிலும் பின்பக்கத்திலும் புண் வந்துவிட்டது. கட்டு மாற்ற வரும் நர்ஸம்மா முதல் தடவையே சொல்லிவிட்டாள், "ரெண்டு வேளையும் நல்லா கழுவித் தொடைக்கணும். விரிப்பு நனைஞ்சா ஒடனே மாத்தணும், மாத்தினதைத் தொவைக்கணும். மருந்து பாதி, தண்ணி பாதி. தண்ணி இல்லாம மருந்து மட்டும் போட்டா புண்ணு எலும்பு வரைக்கும் போயிடும்."

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றவள் குழாய்க்காரரின் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா தண்ணீரைச் செலவழிக்கிற விதத்தைப் பார்த்தால் கஞ்சனுக்கே கண் கலங்கும். அரிசி கழுவின தண்ணீரில் காய் கழுவுவாள். அந்தத் தண்ணீரில் பாத்திரம் துலக்குவாள். அதை ஒரு வாளியில் பிடித்து வைத்து மாமனாரின் விரிப்பை முதல் அலசு அலசுவாள். அப்புறம் அது கக்கூசுக்குப் போகும். அவள் வீட்டில் ஒரு சொட்டு வெளியே போவதற்குள் நாலு வேலை செய்திருக்கும். முதல் வீட்டு மேனேஜரோ மாலை நேரத்தில் காருக்குப் பக்கத்தில் நின்று ரோஜாச் செடிகளுக்குக் குழாய் பிடித்துக்கொண்டு எல்லாரிடமும் குசலம் விசாரிப்பார்.

வாரியத்துத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானத்தில் கொஞ்ச நேரம் வரும். கடைசி வீட்டில் அது வருவதில்லை. குழாய் முதலில் இருமும், காற்று விடும், ஒரு சொம்பு பழுப்பாகக் கக்கும், அவ்வளவுதான். ஆனாலும் அக்கா குழாயைத் திறந்தே வைத்திருப்பாள். கீழே ஒரு நீல டிரம். என்றைக்காவது நிஜமாக வந்தால் அந்தச் சத்தம் கேட்டு ஓடி வர வேண்டும் என்று.

"ஊருக்கெல்லாம் குழாய் போடறீங்க, நம்ம குழாய்ல என்ன கேடு?" என்று புருஷனைக் கேட்பாள்.

"நம்ம குழாய்ல ஒன்னும் கேடில்ல. அழுத்தம் பத்தல."

"பத்த வைங்களேன். மோட்டார் வச்சி இழுக்கிறாங்களாமே, அது மாதிரி நாமளும் ஒன்னு வச்சிக்கலாம்."

"வாரியத்துக் குழாய்ல நேரா மோட்டார் வைக்கிறது தப்பு. சட்டப்படி குத்தம்."

இதைச் சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விடுவார். அவர் வாய் திறக்காத மனிதர். ஒரு வீட்டுக்குள் போய் மேடைக்கு அடியில் தலையை விட்டு வேலை பார்த்துவிட்டு வந்தால், அந்த வீட்டில் என்ன பார்த்தோம் என்பதை அடுத்த வீட்டில் மூச்சு விட மாட்டார். அதனாலேயே அவருக்கு வேலை குறையவில்லை. தன் புருஷன் சட்டத்துக்குப் பயந்த மனிதன் என்று அக்காவுக்கு எரிச்சலும் இருந்தது, உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த மாதம் நர்ஸம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அன்றைக்கே குழாய்க்காரரின் தம்பிக்கு போன் போயிற்று. தம்பி ஊரின் அடுத்த கோடியில், அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் இருப்பவர். வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். ஒரு முதியோர் காப்பகத்தில் இடம் பிடித்தாயிற்று என்றும், பணம் தானே கட்டுவதாகவும், திங்கட்கிழமை காலையில் வேன் வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் கேனை இறக்கி வைத்தேன்.

"தம்பி, நானும் அந்தக் கெழவரும் ஒருநாள் கூட சண்டை போடாம இருந்ததில்ல. உப்பு ஜாஸ்தின்னு கத்துவாரு, நான் திருப்பிக் கத்துவேன். என்னால முடியல, எனக்கு இடுப்பு ஒடிஞ்சிடுச்சுன்னு சொல்லி அனுப்பினா அது ஒரு நியாயம். தண்ணி இல்லேன்னு ஒரு மனுஷனை வீட்டை விட்டு அனுப்பினா அது என்ன நியாயம்? நாளைக்கு அவர் போய்ச் சேர்ந்துட்டா, எப்படி செத்தாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது? குழாயில வரலன்னு சொல்றதா?"

அவளே யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

எங்கள் தெருவில் மொத்தம் ஆறு வீடு. எதிர்ப்பக்கம் முழுக்கப் பள்ளிக்கூடத்துச் சுவர். மேனேஜர், டீச்சர், பேக்கரிக்காரர், ஒரு பூட்டிக்கிடந்த வீடு, டெய்லரம்மா, கடைசியில் நாங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருத்தர் வீட்டில் எல்லாரும் கூடிச் சாப்பிட்டுக்கொண்டே தண்ணீர்ப் பிரச்சினையைப் பேசுவது என்று மேனேஜர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் எதற்கும் வழி பிறக்கும் என்பது அவர் கட்சி. பேசிப் பேசி அவருக்கு வயிறு பிறந்ததுதான் மிச்சம். பெரியவரை விட்டுவிட்டு வர முடியாததால் அக்கா எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல வச்சிக்கலாம்னு சொல்லிட்டேன்" என்றாள். "வீட்டுக்கு ரெண்டு குடம், தண்ணி வர்ற நாள்ல மட்டும். அவ்ளோதான் கேக்கப்போறேன். பிச்சைன்னு நெனச்சாலும் பரவாயில்ல. சோறு போட்டுக் கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. வேனை நான் திருப்பி அனுப்பிடுவேன்."

சனிக்கிழமை தண்ணீர் வர வேண்டிய நாள். வரவில்லை. எங்கேயோ பெரிய குழாய் உடைந்துவிட்டதாகவும் இனி திங்கட்கிழமைதான் என்றும் செய்தி வந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவில் யாருக்கும் குழாயடிக் கவலை இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் வந்தார்கள்.

அக்கா விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள். என் இரண்டு கேன் தண்ணீரும் அந்தச் சமையலுக்குப் போனது. சோறு, பருப்புக் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை. உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரைக் குழம்பிலேயே ஊற்றினாள். முட்டை வெந்த தண்ணீரை ஆற வைத்து வாளியில் கொட்டிக்கொண்டாள். வெயில் அடுப்படித் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. உள்ளறை வாசலில் திரை போட்டு, நாற்றம் வராமல் இருக்க பினாயில் தெளித்திருந்தாள். அப்படியும் வந்தது.

வந்தவர்கள் சும்மா வரவில்லை. பேக்கரிக்காரர் ரொட்டியும் கேக்கும் கொண்டுவந்தார். டெய்லரம்மா வெள்ளரிக்காய் நறுக்கி எடுத்து வந்தாள். டீச்சர் பழம் வாங்கி வந்தார். அதோடு எல்லாரும் தட்டும், குடிக்கத் தண்ணீர் பாட்டிலும் அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள்.

"ஒங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்னுதான்" என்றார் டீச்சர்.

அக்கா சிரித்தாள். நான் பாயை விரித்தேன். மேனேஜருக்குத் தரையில் உட்கார முழங்கால் ஒத்துழைக்காது என்பதால் வீட்டில் இருந்த ஒரே நாற்காலி அவருக்குப் போனது. அவர் மனைவி அவர் காலடியில் உட்கார்ந்தாள். குழாய்க்காரர் சுவரோரமாக, எல்லாருக்கும் கடைசியில்.

மேனேஜர் முதல் கவளத்தோடு பேச்சையும் ஆரம்பித்தார்.

"இந்த ஊர்ல எத்தனை ஏரி இருந்துச்சு தெரியுமா? எல்லாத்தையும் மண்ணைப் போட்டு மூடி கட்டடம் கட்டிட்டான். ஏரியில வீடு கட்டினா தண்ணி எங்க போய் நிக்கும்?"

"மழை பெஞ்சா வீட்டுக்குள்ள நிக்கும் சார்" என்றார் பேக்கரிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிக்கிற விஷயமில்ல. போன்ல ஒரு கட்டுரை வந்துச்சு, எல்லாருக்கும் அனுப்பியிருக்கேன். பாதித் தண்ணி பூமிக்கு அடியிலயே ஓட்டைக் குழாய்ல போயிடுதாம். பாதி."

"அந்தப் பெரிய ஓட்டல் இருக்கே, மொட்டை மாடியில நீச்சல் குளம் வச்சிருக்கான்" என்றார் டீச்சர். "அங்க மட்டும் எப்படி வருது? எல்லாம் கையூட்டு. என் கிளாஸ்ல பிள்ளைங்ககிட்ட தண்ணி சிக்கனம் பத்திக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பய எழுதியிருக்கான், நாங்க ஏற்கெனவே குளிக்கிறதில்ல மிஸ்னு."

"லாரிக்காரனுங்களும் வாரியத்துக்காரனுங்களும் கூட்டு. குழாய்ல விட்டா லாரித் தண்ணியை யாரு வாங்குவா?" என்றார் பேக்கரிக்காரர். "நான் மாவு பெசையறதுக்கே லாரித் தண்ணிதான் வாங்கறேன்னா பாத்துக்குங்க."

"மக்களுக்குப் பொறுப்பு இல்ல சார்" என்று மேனேஜர் முட்டையை இரண்டாகப் பிளந்தார். "விழிப்புணர்வு வேணும். தனக்கு வந்தா போதும், அடுத்தவன் எக்கேடு கெட்டா என்னன்னு இருக்கான் பாருங்க, அவன்தான் மொதல் குற்றவாளி."

தூரத்தில் இருக்கிற எல்லாரும் திருடர்கள் என்று அந்தக் கூடத்தில் ஒரு மனதாக முடிவாயிற்று. ஓட்டல்காரன் திருடன், லாரிக்காரன் திருடன், அதிகாரி திருடன். குழம்பு நன்றாக இருந்தது. டெய்லரம்மா மட்டும் அதிகம் பேசாமல் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா குழம்புச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"நான் ஒன்னு கேக்கணும்னுதான் எல்லாரையும் வரச் சொன்னேன். எங்க மாமாவை நாளைக்கு காப்பகத்துக்கு ஏத்திட்டுப் போறாங்க. புண்ணைக் கழுவத் தண்ணி இல்ல. இங்க கொழாய்ல ஒரு சொம்பு கூட வர்றதில்ல. ஒங்க வீட்ல எல்லாம் எப்படியோ கொஞ்சம் வருது. தண்ணி வர்ற நாள்ல வீட்டுக்கு ரெண்டு குடம் குடுத்தீங்கன்னா நான் வந்து தூக்கிக்கிறேன். மோட்டார் வச்சிக்கலாம்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட எத்தனையோ தரம் கேட்டுட்டேன். சட்டப்படி தப்புன்னு ஒரே பேச்சா சொல்லிட்டாரு. அவர் அப்படித்தான், நேர்மையான மனுஷன். அதனாலதான் ஒங்ககிட்ட கேக்கறேன்."

குழாய்க்காரர் தன் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அது கூழாகிவிட்டது, இன்னும் பிசைந்தார்.

"பண்ணலாம்மா, பண்ணலாம்" என்றார் மேனேஜர். "ஆனா எங்களுக்கே பத்த மாட்டேங்குது. கொள்கை அளவுல எனக்குச் சம்மதம். அடுத்த மாசக் கூட்டத்துல வச்சிப் பேசி ஒரு முடிவு எடுப்போம்."

"வேன் நாளைக்கு வருது சார்."

"காப்பகம்னா ஒன்னும் மோசம் இல்லம்மா. அங்க எல்லா வசதியும் இருக்கும்."

அப்போதுதான் பின்கட்டில் குழாய் இருமியது.

வழக்கமான இருமல்தான் என்று நான் நினைத்தேன். காற்று சீறியது, துப்பியது, நின்றது. பிறகு காலி டிரம்மின் அடியில் யாரோ கல்லை அள்ளிக் கொட்டிய மாதிரி ஒரு சத்தம். அது நிற்கவில்லை. அக்கா சட்டியைத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். குழாய் வாயில் கட்டைவிரல் கனத்துக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் பழுப்பு, அப்புறம் தெளிவு. உடைந்த குழாயைச் சொன்ன நாளுக்கு முன்னாலேயே சரி செய்து திறந்துவிட்டிருக்கிறார்கள். இதெல்லாம் சரி, ஆனால் கடைசி வீட்டில் எப்படி வருகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அக்காவுக்கு அந்த யோசனையே இல்லை. இரண்டு கையையும் நீட்டித் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் அடித்துக்கொண்டாள். ஈரக் கையோடு கூடத்துக்கு ஓடி வந்து, "தண்ணி வருது. நம்ம வீட்ல தண்ணி வருது" என்றாள்.

சந்தோஷப்பட அங்கே ஒரு முகம் இல்லை. விருந்தாளிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இருக்கப் பெரிய முயற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் முதலில் எழுந்தார். "கொடியில துணி போட்டுட்டு வந்துட்டேன். மழை வர்ற மாதிரி இருக்கு."

வானத்தில் மருந்துக்குக் கூட மேகம் இல்லை. அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். போன கொஞ்ச நேரத்தில் பின்கட்டுச் சத்தம் மாறியது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு இளைத்திருந்தது.

"கடையில பையன் தனியா இருக்கான்" என்று பேக்கரிக்காரர் எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கடை திறப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். அவர் போனார். தண்ணீர் பென்சில் மாதிரி ஆயிற்று. டிரம்மில் ஒரு சாண் கூட நிறைந்திருக்கவில்லை.

மேனேஜரின் மனைவி புருஷனின் முழங்காலைத் தட்டிக் குனிந்து சொன்னாள். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பாள். "என்னங்க, தண்ணி நின்னுடப் போவுது. போய் மோட்டாரைப் போட்டுட்டு வந்து சாப்பிடுங்க."

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். முதலில் மேனேஜரின் மனைவியைப் பார்த்தாள். பிறகு காலியாகக் கிடந்த இரண்டு இடங்களைப் பார்த்தாள். பின்கட்டுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். கடைசியாகத் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் தலை இன்னும் தட்டுக்குள் இருந்தது. குழாய்க்காரன் பெண்டாட்டிக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நேராக வாசலுக்குப் போனாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஆணியில் தொங்கிய பூட்டை எடுத்து மாட்டிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மேனேஜர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"என்னம்மா இது?"

"ஒக்காருங்க சார். இன்னும் சோறு இருக்கு."

"எனக்குப் போதும்."

"எனக்குப் போதல. டிரம் நிறையட்டும், அப்புறம் எழுந்திரிங்க." கரண்டியால் அள்ளி அவர் தட்டில் சோற்றைக் கொட்டினாள். குழம்பை ஊற்றினாள். குழம்பு தட்டைத் தாண்டி அவர் வேட்டியில் வழிந்தது. "சாப்பிடுங்க. ஒன்னா ஒக்காந்து சாப்பிட்டா எதுக்கும் வழி பொறக்கும்னு நீங்கதான சொன்னீங்க. பொறந்திருக்கு பாருங்க, பின்கட்டுல."

"போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. வர்றவங்களுக்கும் சோறு இருக்கு. சாப்பிட்டுட்டு ஒங்க வீட்டுக்குப் போய் மோட்டாரையும் பாத்துட்டுப் போகட்டும்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. "எத்தனை வீட்ல?"

அவர் தட்டின் ஓரத்தை விரலால் வழித்தார்.

"வாயைத் தொறங்க. எத்தனை வீட்ல வச்சிருக்கீங்க?"

"எல்லா வீட்லயும்" என்றார் குழாய்க்காரர். "சமையல் மேடைக்கு அடியில. சத்தம் வராம இருக்க ரப்பர் வச்சி, சாக்கு சுத்தி."

டெய்லரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எல்லா வீட்லயுமா? எனக்கு மட்டும்தான் வைக்கிறேன், வெளிய சொல்லிடாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனீங்களே."

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான கேட்டீங்க. மொதல்ல சார் கேட்டாரு. ஒரு வீடுதான, என்ன கொறஞ்சிடப் போவுதுன்னு வச்சேன். அப்புறம் டீச்சர் வீட்ல தண்ணி கொறஞ்சிடுச்சின்னு கூப்பிட்டாங்க. அங்க வச்சேன். அடுத்து பேக்கரி. ஒவ்வொருத்தருக்கும் கொறைய கொறைய, கொறையறதுக்கு நான்தான் மருந்து. ஒருத்தர் வீட்டு விஷயத்தை இன்னொருத்தர் வீட்ல சொல்லக்கூடாதுன்னுதான் வாயைத் தொறக்கல. இப்ப நம்ம வீட்ல ஒன்னு வச்சாலும் வெறும் காத்துதான் வரும். எல்லாரும் உறிஞ்சினப்புறம் கடைசில உறிஞ்ச என்ன இருக்கு?"

"அதுக்குப் பேருதான் சட்டமா?" என்றாள் அக்கா.

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. அது அக்கா மேல் வந்த கோபம் இல்லை. "அப்ப டீச்சர் வீட்லயும் இருக்கா? நான்தான் கேட்டேனே, கூட்டத்துல, யார் வீட்லயாவது மோட்டார் இருக்கான்னு. இல்லவே இல்லேன்னு அந்தம்மா சொல்லிச்சே. என்ன அயோக்கியத்தனம்."

இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

"எங்க மாமா முதுகுல சதை அழுகிக் கெடக்கு" என்றாள். "நான் முட்டை வெந்த தண்ணியில அவர் துணியை அலசறேன். ராத்திரியெல்லாம் அந்த மனுஷன் தண்ணி தண்ணின்னு கேப்பாரு, குடுத்தா விரிப்பை நனைச்சிடுவாருன்னு பாதி டம்ளர் குடுப்பேன். ஒரு மனுஷனுக்குத் தாகத்துக்குத் தண்ணியை அளந்து குடுத்திருக்கேன். நீங்க ஏரியைப் பத்திப் பேசறீங்க. ஓட்டலைப் பத்திப் பேசறீங்க. என் சோத்தைத் தின்னுக்கிட்டே பேசறீங்க." மறுபடி புருஷனைப் பார்த்தாள். "நீங்க தெனம் அந்த ரூமுக்குள்ள போய் அவர் பக்கத்துல ஒக்காந்து நல்லாருக்கியாப்பான்னு கேட்டீங்களே. எப்படி கேட்டீங்க?"

குழாய்க்காரர் எழுந்தார். கையில் ஒட்டியிருந்த சோற்றைத் தட்டிலேயே வழித்தார். மூலையில் கிடந்த சாமான் பையைத் தூக்கிக்கொண்டார்.

"தொறந்து விடு. வேலை பாக்கும்போது தண்ணியை நிறுத்தறதுக்கு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் கல்லுக்கு அடியில ஒரு சின்ன வால்வு வச்சிருக்கேன். எனக்கு மட்டும்தான் தெரியும். அதை மூடிட்டா உள்ள மோட்டார் ஓடினாலும் ஒன்னும் வராது."

"இந்தத் தெருவுல, ஏன், இந்த ஏரியாவுலயே இனிமே எவனும் ஒன்னை வேலைக்குக் கூப்பிட மாட்டான்" என்றார் மேனேஜர். "புகார் குடுத்தா மொதல்ல உள்ள போறது நீதான். வச்சது நீ."

"ஆமா சார். வச்சது நான்தான்."

அக்கா பூட்டைத் திறந்து அவரை மட்டும் வெளியே விட்டு, திரும்பவும் பூட்டினாள். கூடத்தில் மின்விசிறிச் சத்தமும் பின்கட்டுத் தண்ணீர்ச் சத்தமும்தான். பென்சில் கனத்தில் விழுந்துகொண்டிருந்தது. எல்லாரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அது சுண்டுவிரல் ஆயிற்று. தெருவில் டீச்சரின் குரல் கேட்டது, யார் அங்கே வாசலில் தோண்டுவது என்று. அடுத்து பேக்கரிக்காரரின் குரல், அது கேட்கச் சகிக்காத பாஷை. தண்ணீர் மறுபடி கட்டைவிரல் ஆயிற்று. டிரம்மில் கொட்டுகிற சத்தம் அடங்கி, தண்ணீருக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது.

"தம்பி, வாங்க" என்றாள் அக்கா. "இவங்க இருக்கும்போதே குளிப்பாட்டிடலாம்."

அடுப்பில் ஒரு குண்டான் காய வைத்தாள். விளாவி வாளியில் எடுத்துக்கொண்டு போனோம். நான் பெரியவரைத் தோளோடு சேர்த்துத் தூக்கிப் பலகையில் சாய்த்தேன். லாரி ஓட்டின பலமெல்லாம் வற்றிப்போய் உடம்பில் எலும்பு மட்டும் இருந்தது. பின்னால் யாரோ வருவது தெரிந்து திரும்பினேன். டெய்லரம்மா. அழுக்கு விரிப்பை உருவிச் சுருட்டினாள், புது விரிப்பின் ஓரத்தை இழுத்துப் பிடித்தாள். அக்கா அவளைப் பார்க்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

திரை பாதி விலகியிருந்தது. கூடத்திலிருந்து எல்லாம் தெரியும். அக்கா அதை இழுத்து மூடவில்லை. சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றினாள், சோப்புப் போட்டாள், கழுத்துக்குப் பின்னால், அக்குளில், கால் விரல்களுக்கு நடுவில். புண்ணின் மேல் வெந்நீரை ஒழுக விட்டாள். தண்ணீர் தரையில் ஓடியது. அந்த வீட்டுத் தரையில் தண்ணீர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெரியவர் கண்ணைத் திறந்தார். "எதுக்குடி இவ்ளோ தண்ணி ஊத்தறே? நான் செத்துட்டேனா?"

"இல்ல மாமா. கொழாய்ல வருது."

"பொய் சொல்லாத. செத்தாதான் இப்படிக் குளிப்பாட்டுவாங்க."

அக்கா ஒரு சொம்பு நிறையத் தண்ணீரை அவர் வாயில் வைத்தாள். அவர் முழுசாகக் குடித்தார். இன்னும் ஒன்று கேட்டார். அதையும் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள், கையில் சொம்பை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு.

மேனேஜர் எல்லாருக்கும் அனுப்பின கட்டுரைகள் இருந்த அந்த போன் அவர் மடியில் கிடந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. அவர் மனைவி மட்டும் புருஷனுக்குக் கேட்கும்படி, "சாப்பிட்டு முடிங்க" என்றாள். அவர் முடித்தார். டிரம் விளிம்புக்கு வந்து வழிந்தபோது அக்கா வந்து பூட்டைத் திறந்தாள். அவர்கள் போகும்போது யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் மேனேஜர் வேறு ஏரியாவிலிருந்து ஒரு குழாய்க்காரனை வரவழைத்தார். வந்தவன் முதல் வீட்டு வாசலைப் பூராவும் தோண்டிப் பார்த்தும் அந்தச் சின்ன வால்வைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ரோஜாச் செடிகள்தான் நாசமாயின. அவர் புகார் கொடுக்கப் போவதாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொடுப்பாரா என்பது வேறு விஷயம். கொடுத்தால் அவர் சமையல் மேடையையும் அல்லவா உடைக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் வேன் வந்தது. குழாய்க்காரர் வாசற்படியில் சாமான் பையோடு உட்கார்ந்திருந்தார். இரவு முழுக்க அவரோடு அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. மிஞ்சியிருந்த சோற்றைக் கூட அவருக்கு நான்தான் எடுத்துப் போட்டேன். டெய்லரம்மா தானே கூப்பிட்டுத் தன் வீட்டு மோட்டாரைக் கழற்றச் சொல்லியிருந்தாள். ரப்பரும் சாக்கும் சுற்றிய அந்தச் சனியன் அவர் காலடியில் கிடந்தது. மற்ற மூன்று வீடுகளின் கதவுகளும் சாத்தியிருந்தன.

டிரைவர் இறங்கி வந்தான். "இங்க ஒரு ஆளை ஏத்திட்டுப் போகணும்னு சொன்னாங்க. யாருங்க?"

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். துவைத்த விரிப்பைத் தோளில் போட்டிருந்தாள், அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டிரைவரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"ஏத்த வேண்டிய ஆளு இவர்தான்" என்றாள். "ஆனா இவருக்கு இன்னும் மூணு வீட்ல வேலை பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வரட்டும், அப்புறம் யோசிக்கறேன்."

குழாய்க்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.